மகள் ஒண்டுக்குப் பொட்டியில போறா, ரெண்டுக்கு மட்டும் பெம்பஸ் கேக்கிறா

கடலோர அம்மா
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில, ஃபிளாட்டில ஐஞ்சாம் மாடி. மகளுக்கு 2 வயசும் 9 மாசமும். சூ பெய்யிறதில ஒரு பிரச்சினையும் இல்லை. தானா வந்து சொல்லி, ஜங்கியைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் பொட்டியில (சின்னப் பிள்ளையள் இருக்கிற கக்கூஸ் சட்டி) இருப்பா. கக்கா எண்டாத்தான் கதை வேற. முகம் சிவக்கும். ஓடிப்போய் ஹோல் கேர்ட்டினுக்குப் பின்னால நிண்டு, ரெண்டு காலையும் குறுக்காப் போட்டு, நுனிக்காலில எழும்பி, கேர்ட்டினைக் கையில முறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. "பெம்பஸ் போடுங்கோ" எண்டு அழுகை. போட்டுவிட்டா அங்கேயே நிண்டபடி முடிச்சிட்டு வருவா. போடாட்டி ரெண்டு மூண்டு நாள் போகவே மாட்டா. பிறகு கட்டியாப் போகேக்க வீடே அதிரும்.

ஜனவரியில நேர்ஸரி. பெம்பஸோட எடுக்கமாட்டினமாம். மாமி எங்களோடதான் இருக்கிறா. "செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டாய்" எண்டது இப்ப காலைத் தேத்தண்ணி மாதிரி, ஒருநாளும் தவறாது. கேள்வி இதுதான்: பெம்பஸை ஒரேயடியா ஒளிச்சு வைக்கட்டா, இல்லாட்டிக் கேக்கேக்கயெல்லாம் குடுக்கட்டா?

கொட்டாஞ்சேனை அப்பா
குடுங்க தங்கச்சி, யோசிக்காம குடுங்க.

எங்க மூத்தவளுக்கு 2022ல இதே வயசு. அந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெம்பர்ஸ் விலை வாரத்துக்கு ஒண்ணா இருந்துச்சு, கடையில ராக்கை பாதி காலி. செப்டம்பர்ல கொழும்பு விலைவாசி முந்தின வருஷத்தை விட கிட்டத்தட்ட 70 வீதம் கூடிப்போன காலம். அதனால நாங்க ஆசைப்பட்டு நிப்பாட்டல, நிப்பாட்ட வேண்டியதாப் போச்சு. மூத்திரம் சீக்கிரமே சரியாயிருச்சு. கக்கா மட்டும் மாசக்கணக்கா இழுத்துச்சு. பிள்ளை அடக்கி அடக்கி, கடைசியில டொக்டர், மருந்துன்னு போன செலவுக்கு நல்ல பெம்பர்ஸா வாங்கியிருக்கலாம். கரண்ட் இல்லாத நேரம் பாத்ரூம்ல டோர்ச்ச புடிச்சிக்கிட்டு உக்காந்து "காக்கா வடை" கதை சொன்ன ஆள் நான். வேற வழி இருக்கிறவங்க அந்த வழியில போகாதீங்க.

ஹெவ்லொக் டவுன் ரெண்டு பிள்ளை
நான் இதை ஒத்துக்கமாட்டேன். ரெண்டு பிள்ளைக்கும் நீண்ட வார இறுதி முறைதான். வெசாக் லீவுல கார்ப்பெட்ட சுருட்டி வச்சுட்டு, பிள்ளைக்கு கீழ ஒண்ணும் போடாம விட்டேன். வீட்டில ஒரு பெம்பர்ஸ் கூட கண்ணுல படக்கூடாது. அது கைக்கெட்டுற தூரத்துல இருந்தா பிள்ளை எதுக்கு பொட்டிக்கு போகும்? நீங்க பயப்படுறது பிள்ளைக்கு தெரியுது, அவ்வளவுதான்.

மூண்டு பேரப்பிள்ளை
பிள்ளையள், நான் இருவத்தெட்டு வருசமாக் கொழும்பில இருக்கிறன், ஊர் சாவகச்சேரி. எங்கட காலத்தில பெம்பஸ் எங்க இருந்தது? பிள்ளைக்கு ஆறு மாசம் ஆக முதலே, விடியப் பால் குடுத்த கையோட ரெண்டு பாதத்தையும் சேர்த்துவைச்சு அதில பிள்ளையை இருத்தி, "ஸ்ஸ்ஸ்" எண்டு சொல்லுவம். போகும். ஒரு வயசுக்குள்ள முக்காவாசிப் பழகிடும். இப்ப மூண்டு வயசுப் பிள்ளைக்கு மாநாடு கூட்டுறியள்.

வயிறு இறுகிப்போச்செண்டா வெத்திலைக் காம்பில ஆமணக்கெண்ணெய் பூசி மெல்ல வைச்சா வெளிய வரும். பயப்பிட ஒண்டுமில்லை.

தெஹிவளை டே கெயார் அம்மா
அன்ரி, நீங்க சொன்ன காலத்தில வீட்டில ஒருத்தர் முழுநேரமும் பிள்ளையின்ட முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தினம். முற்றம் மண். ஈரமானா ஒரு வாளி தண்ணி ஊத்தினாச் சரி. எனக்குக் காலமை ஏழு மணிக்கு பஸ், பின்னேரம் ஆறு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிறது. ஆறு மாசப் பிள்ளையை ஆர் பாதத்தில இருத்திறது?

மூண்டு பேரப்பிள்ளை
அது சரி பிள்ளை. நான் உங்களைக் குறை சொல்லேல்லை.

வார்ட் வாசி
நான் சிறுவர் வார்ட்டில வேலை செய்யிற வைத்தியர். பிள்ளையைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டன். ஆனா கடலோர அம்மா எழுதின அந்தக் கேர்ட்டின் காட்சியை நான் கிளினிக்கில கிழமைக்குக் கிழமை கேட்கிறன், அதனால கொஞ்சம் நீட்டி எழுதிறன்.

காலைக் குறுக்காப் போட்டு, நுனிக்காலில நிண்டு, முகம் சிவக்கிறதைப் பார்க்கிற பெற்றோர் எல்லாரும் "பிள்ளை முக்குறா, வருகுதில்லை" எண்டு நினைக்கினம். பிள்ளை முக்கேல்லை, அடக்குறா. வெளிய வர நிக்கிறதை உள்ள தள்ளுறா. ஏனெண்டா எப்பவோ ஒருநாள் கட்டியாப் போய் நொந்திருக்கு. அடக்கினா மலம் பெருங்குடலில கனநேரம் நிக்கும், குடல் அதிலயிருந்து தண்ணியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இன்னும் இறுகும். அடுத்த தரம் இன்னும் நோகும், அதனால இன்னும் அடக்குவா. இப்பிடியே போனா மலக்குடல் விரிஞ்சு, "வருகுது" எண்ட உணர்வே மங்கிப்போகும். பிறகு இறுகினதுக்குப் பக்கத்தால தண்ணியாக் கசிஞ்சு ஜங்கியில படும். வீட்டில வயித்தோட்டம் எண்டு நினைச்சு அதுக்கு மருந்து குடுப்பினம். நிறைஞ்ச குடல் சலப்பையையும் அமத்தும். அடிக்கடி சூ வாறது, முழுசாப் போகாமல் மிச்சம் நிக்கிறது, அதால தொற்று வாறது எல்லாம் அந்த வழியில வாற கரைச்சல்கள்.

ஆகவே இது செல்லமோ பிடிவாதமோ இல்லை. நோவுக்குப் பயம். அதனால முதல் வேலை பொட்டி இல்லை, மலத்தை இளக்கிறது. அது இளகி, நோகாமல் போகுதெண்டு பிள்ளை நம்புற வரைக்கும் பொட்டிப் பேச்சையே எடுக்காதேங்கோ. பெம்பஸ் கேட்டாக் குடுங்கோ. அமெரிக்காவில 1997இல வந்த ஒரு ஆய்வில, சலத்துக்குப் பழகின பிறகும் மலத்துக்கு மட்டும் மறுக்கிற பிள்ளைகள் ஐந்தில ஒருத்தருக்குக் கிட்ட இருந்தினம். உங்கட மகள் தனி ஆள் இல்லை.

வெத்திலைக் காம்பு வேண்டாம் அம்மா. சவர்க்காரத் துண்டும் வேண்டாம். அந்த இடத்தில ஏற்கெனவே வெடிப்பு இருக்கலாம். பயந்திருக்கிற பிள்ளைக்கு அங்க எதையும் வைச்சா பயம் இரட்டிப்பாகும்.

ஹெவ்லொக் டவுன் ரெண்டு பிள்ளை
டொக்டர், அப்ப வார இறுதி முறை பிழையா? எனக்கு வேலை செஞ்சதே.

வார்ட் வாசி
பிழை எண்டு சொல்லமாட்டன். ஆயத்தமா இருக்கிற, மலச்சிக்கல் இல்லாத பிள்ளைக்கு அது சுகமா முடியும். உங்கட ரெண்டு பேரும் அப்பிடி இருந்திருப்பினம். பிரேசில்டன் எண்ட குழந்தை மருத்துவர் 1962இல 1170 பிள்ளைகளின்ட விபரத்தை வெளியிட்டவர். பிள்ளையின்ட போக்கில விட்டு, பகலில பழகின சராசரி வயசு 28.5 மாசம். சராசரி எண்டாப் பாதிப் பேருக்குக் கிட்ட அதைவிடப் பிந்துவினம். 2003இல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 400க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. 27 மாசத்துக்கு முதல் தீவிரமாத் தொடங்கினவை முந்தி முடிக்கேல்லை, இழுபட்ட காலம்தான் கூட. பெண்பிள்ளைகள் பொதுவா ஆண்பிள்ளைகளை விட ரெண்டு மூண்டு மாசம் முந்துவினம், அதையும் ஒரு கணக்கா வைச்சு ஆரையும் ஒப்பிடாதேங்கோ.

இந்த மகளுக்குப் பெம்பஸை ஒளிச்சா அவ பொட்டிக்குப் போகமாட்டா. அடக்குவா. அதுதான் வித்தியாசம்.

தெமட்டகொட உம்மா
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். கக்கா விஷயம் டொக்டர் சொல்லிட்டாங்க. பொம்புளப் புள்ளண்டா கழுவுற விஷயத்தையும் கொஞ்சம் பேசணும், இங்க யாரும் அத தொடல்ல.

எங்கட மகளுக்கு மூணு வயசு கிட்டக்குள்ள திடீர்னு காய்ச்சல். இருமல் இல்ல, தடுமல் இல்ல. டெங்கு காலம், எல்லாரும் அதத்தான் நெனச்சம். ப்ளட் ரிப்போர்ட் நல்லா வந்திச்சி. டொக்டர் யூரின் ரிப்போர்ட்டும், கிருமி வளருதாண்டு பாக்குற கல்ச்சரும் எடுக்கச் சொன்னாங்க. அதுலதான் சலத்தொற்றுண்டு புடிபட்டிச்சி. அதுக்கு முந்தின நாள் புள்ள சூ போகக்குள்ள "சுடுது" எண்டு ஒருக்கா சொன்னா, வெயில்ல தண்ணி குடிக்காம வெளயாடினதுண்டு நாங்க நெனச்சம்.

அப்ப நர்ஸ் மிஸ் ஒருத்தங்க சொல்லித் தந்ததத்தான் இப்பயும் செய்றம். முன்னால இருந்து பின்னால கழுவணும், பின்னால இருந்து முன்னால கை வரவே கூடாது. ஹேன்ட் ஸ்ப்ரேய கீழ இருந்து மேல அடிக்கக்கூடாது, அதோட வேகத்துல அழுக்கு முன்னுக்கு வரும். எங்கட வீட்டுல ஸ்ப்ரேய எடுத்துட்டு பழைய மாதிரி கோப்பைதான். உள்பக்கத்துக்கு சவுக்காரம் தேவையில்ல, தண்ணி போதும். கழுவின பொறகு மெதுவா ஒத்தி எடுக்கணும், தேய்க்கக்கூடாது. ஜங்கி பருத்தி. ஒக்டோபர் நவம்பர் மழைல பல்கனில ரெண்டு நாளாகியும் காயாது, ஆனா ஈரத்தோட போட்டுடாதீங்க. அயர்ன் பண்ணிப் போடுங்க.

வார்ட் வாசி
உம்மா சொன்னது அத்தனையும் சரி. பெண்பிள்ளைக்குச் சலக்குழாய் மிகவும் கட்டை, வாசலும் மலவாசலுக்குக் கிட்ட. சலத்தொற்றில பெரும்பாலும் பிடிபடுறது ஈ கோலை, அது குடலில இருக்கிற கிருமி. 7 வயசுக்கு முதல் ஒரு தரமாவது சலத்தொற்று வாறது பெண்பிள்ளைகளில 8 வீதத்துக்குக் கிட்ட, ஆண்பிள்ளைகளில 2 வீதத்துக்குக் கிட்ட. காரணம் தெரியாத காய்ச்சல், சூ போகேக்க அழுகை, பழகின பிள்ளை திடீரெண்டு நனைக்கத் தொடங்குறது, மணம் எண்டா யூரின் பாருங்கோ. கல்ச்சருக்கு அன்ரிபயோட்டிக் தொடங்க முதல் எடுக்கவேணும். முதல் கொஞ்சத்தை விட்டுட்டு நடுவில வாறதைப் பிடிக்கவேணும். பொட்டிக்குள்ள விழுந்ததை ஊத்திக்கொண்டு போகாதேங்கோ, அதில வாற கிருமி எங்கயிருந்து வந்ததெண்டு சொல்ல ஏலாது.

கடலோர அம்மா
இவ்வளவு பேர் எழுதுவியள் எண்டு எதிர்பார்க்கேல்லை. டொக்டர், ஒரு கேள்வி. மகள் பால் மட்டும்தான் விரும்பிக் குடிப்பா, மாப்பால். விடிய ஒரு போத்தல், பின்னேரம் ஒண்டு, படுக்கேக்க ஒண்டு, இடைக்கிடை அழுதா மாமி ஒண்டு. சோறு ரெண்டு வாய். இதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கோ?

வார்ட் வாசி
நிறைய. ஒரு நாளைக்கு அரை லீற்றருக்குள்ள நிப்பாட்டுங்கோ. அதுக்கு மேல குடிக்கிற பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சிடும், நார்ச்சத்துள்ள சாப்பாடு உள்ள போகாது, இரும்புச்சத்தும் குறையும். இந்த வயசுக்கு நார்ச்சத்துக் கணக்கு சுகம்: வயசோட 5ஐக் கூட்டுங்கோ, அத்தனை கிராம். உங்கட மகளுக்கு எட்டு கிராமுக்குக் கிட்ட. வெள்ளைச் சோறும் பாலும் அங்க கொண்டுபோய்ச் சேர்க்காது. பப்பாசிப்பழம், சிவப்பரிசி, பருப்பு, கீரை, குரக்கன் கஞ்சி. போத்தலை விட்டுட்டுக் கோப்பையில குடுத்தா அளவு தானாக் குறையும்.

ஆனா இந்தளவுக்கு அடக்குற பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் காணாது, மருந்து தேவைப்படும். மலத்தை இளக்கிற லக்டுலோஸ் பாணியோ, மக்ரோகோல் தூளோ, உங்கட டொக்டர் நிறையைப் பார்த்து அளவு சொல்லுவார். குடலுக்குப் பழகிப்போகும் எண்டு பயந்து ரெண்டு கிழமையில நிப்பாட்டிறவைதான் திரும்பத் திரும்ப வருகினம். விரிஞ்ச குடல் பழைய நிலைக்கு வர மாசங்கள் எடுக்கும். நிப்பாட்டேக்கயும் படிப்படியாத்தான்.

பிறந்து முதல் 48 மணித்தியாலத்தில மலம் போகாத பிள்ளை, வயிறு வீங்கி வாந்தி எடுக்கிற பிள்ளை, நிறை ஏறாத பிள்ளை, காலில பலமில்லாத பிள்ளை எண்டா இந்த இழையை வாசிச்சுக்கொண்டு இருக்காமல் உடனே காட்டுங்கோ. தனியாரிடம் போக வசதியில்லாட்டி பொரளை லேடி ரிஜ்வே ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவு இருக்கு, காசில்லை.

பம்பலப்பிட்டி புது அப்பா
எல்லாம் சரி, எல்லாரும் அம்மாவுக்கே புத்தி சொல்றீங்க. இந்தப் பிள்ளையோட அப்பா எங்க?

கடலோர அம்மா
அவர் வேலையால வர ஏழரை மணி. ஆனா சரியான கேள்வி, இண்டைக்கு அவருக்கு வாசிச்சுக் காட்டினன். சிரிச்சார். பிறகு சிரிக்கேல்லை.

மொண்டிசோரி மிஸ்
நான் கொழும்பு வடக்கில ஒரு முன்பள்ளியில பல வருஷமா படிப்பிக்கிறேன். ஜனவரிப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன்.

"பெம்பர்ஸ் வேணாம்"னு விண்ணப்பத்துல போடுறதுக்கு காரணம் எங்களுக்கு ஆயா ஒருத்தர், பிள்ளைகள் நிறைய. ஆனா காலையில எட்டு மணிக்கு வந்து பதினொண்ணரைக்கு போற பிள்ளை கக்காவை வீட்டில முடிச்சுட்டு வந்தா எங்களுக்கு அது போதும். நீங்க வீட்டில பெம்பர்ஸ்ல போறீங்களா, பொட்டியில போறீங்களான்னு நாங்க கேக்கவே மாட்டோம். சூ வந்தா சொல்லத் தெரியணும், ஜங்கியை கீழ இறக்கத் தெரியணும். அதனால பெல்ட், பட்டன், ஜம்ப்சூட் வேணாம், இலாஸ்டிக் வச்ச பாவாடை, காற்சட்டை போதும். பையில மாத்துத் துணி ரெண்டு செட், ஒரு பொலித்தீன் பை.

இன்னொண்ணு. வீட்டில நல்லா போற பிள்ளைகூட முதல் தவணையில எங்ககிட்ட அடக்கிட்டே இருக்கும். புது டொய்லெட், வேற மணம், பக்கத்துல இன்னொரு பிள்ளை ஃப்ளஷ் பண்ற சத்தம். டிசம்பர்ல ஒருநாள் கூட்டிட்டு வந்து அந்த டொய்லெட்டை காட்டுங்க. போகணும்னு இல்ல, பாத்தா போதும். எந்த ஆயா கழுவுவாங்கன்னு முகத்தையும் காட்டுங்க. யார் கழுவலாம், யார் கழுவக்கூடாதுன்னு பிள்ளைக்கு சொல்லிக் குடுக்கவும் அதுதான் நேரம். அம்மா, அப்பா, அம்மம்மா, இந்த ஆயா. வேற யாராவதுன்னா வீட்டில வந்து சொல்லணும்.

தெமட்டகொட உம்மா
மிஸ், கடைசியா சொன்னத்துக்கு நூறு லைக்.

தெஹிவளை டே கெயார் அம்மா
எனக்கு நடந்ததையும் எழுதிறன். டே கெயாரில எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தால வரிசையாப் பொட்டியில இருக்கும். அங்க மகள் ஒழுங்காப் போவா, வீட்டில மாட்டா. பாத்தா, வீட்டில நாங்க கொமட்டுக்கு மேல சின்ன சீட் போட்டு இருத்தியிருந்தம், கால் ரெண்டும் அந்தரத்தில. டே கெயார் பொட்டியில பாதம் தரையில. பால்மா டின் ரெண்டை டேப் சுத்திக் காலுக்குக் கீழ வைச்சன். முழங்கால் இடுப்பை விட உயர நிக்கவேணும். அதுக்குப் பிறகு கதையே மாறிப்போச்சு.

வார்ட் வாசி
டே கெயார் தெரிஞ்சோ தெரியாமலோ சரியான நேரத்தைப் பிடிச்சிருக்கு. சாப்பாடு இரைப்பைக்குள்ள போனதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். சாப்பிட்டு இருவது நிமிசம், அரை மணித்தியாலத்துக்குள்ள ஒரு ஐஞ்சு நிமிசம் இருத்தினாப் போதும். அதுக்கு மேல வேண்டாம். கால் ஊண்டாத பிள்ளைக்கு விழுந்திடுவன் எண்ட பயம், உடம்பு இறுகும், மலவாசலைச் சுத்தியிருக்கிற தசை இளகாது. ஊரில குந்தி இருக்கிற டொய்லெட்டில இந்தப் பிரச்சினை குறைவு. ஆனா குழி பெரிசு, சின்னப்பிள்ளைக்கு அதுக்குள்ள விழுந்திடுவன் எண்டு வேற பயம்.

மூண்டு பேரப்பிள்ளை
அதுதான் பாதத்தில இருத்தினனாங்கள்.

கொட்டாஞ்சேனை அப்பா
அம்மா விடமாட்டாங்க 😄

வார்ட் வாசி
உண்மையில அம்மா சொல்லுற இருக்கை நல்ல இருக்கை, அதில வாதமே இல்லை. என்ர சண்டை வெத்திலைக் காம்போட மட்டும்தான்.

கடலோர அம்மா
கொஞ்ச நாளா எழுதேல்லை. டொக்டரிட்டக் காட்டினம். வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு "உள்ள நிறைய நிக்குது" எண்டார். பாணி குடுத்திருக்கிறார். பால் கோப்பைக்கு மாறிட்டுது, மாமிதான் முதல் நாள் போத்தலை ஒளிச்சு வைச்சு எனக்குத் தெரியாமக் குடுத்தவ. இப்ப அவவுக்கு ஒரு வேலை குடுத்திட்டன்: குரக்கன் கஞ்சி. அது அவவின்ட கைப்பக்குவம் எண்டு சொன்னாப் போதும், மனிசி ஆறு மணிக்கே எழும்பிடும்.

டொக்டர் சொன்னபடி பெம்பஸ் கேட்டாக் குடுக்கிறன், ஆனா ஒரே நிபந்தனை, பாத்ரூமுக்குள்ள நிண்டு போகவேணும். முதல் கொஞ்ச நாள் வாசலில நிண்டா, கதவைப் பிடிச்சுக்கொண்டு. பிறகு உள்ள வந்தா. போன கிழமை பெம்பஸ் போட்டபடி பொட்டியில இருந்தா, அப்பா வெளிய தரையில இருந்து காக்கா கதை சொன்னவர் (கொட்டாஞ்சேனை அண்ணாவுக்கு நன்றி, வடைக்குப் பதில் எங்கட காகம் ரோல்ஸ் தூக்கினது). நேற்று அந்தப் பெம்பஸின்ட நடுவில கத்தரிக்கோலால ஒரு வட்டம் வெட்டிப் போட்டுவிட்டன், அதுவும் டொக்டர் சொன்னதுதான். குனிஞ்சு பாத்தா, "ஓட்டை" எண்டா, சிரிச்சா, இருந்தா. பொட்டிக்குள்ள விழுந்த சத்தத்துக்கு எழும்பித் திரும்பிப் பாத்திட்டு "அது என்ரயா?" எண்டு கேட்டா.

ஹெவ்லொக் டவுன் ரெண்டு பிள்ளை
ஓட்டை வெட்றது நான் கேள்விப்படாதது. எழுதி வச்சுக்கிறேன். ஆனா எனக்கு இன்னும் சந்தேகம், எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு சுத்து தேவையான்னு.

வார்ட் வாசி
எல்லாப் பிள்ளைக்கும் தேவையில்லை. அடக்குற பிள்ளைக்குத்தான். கடலோர அம்மா, மருந்தை இப்ப நிப்பாட்டாதேங்கோ. நல்லாப் போகத் தொடங்கினதும் நிப்பாட்டச் சொல்லி வீட்டில ஒரு கட்சி உருவாகும்.

கடலோர அம்மா
ஏற்கெனவே உருவாகிட்டுது.

மட்டக்குளி அக்கா
நடுவுல ஒரு கேள்வி, மன்னிக்கணும். டிசம்பர்ல யாழ்ப்பாணம் போறோம், இராத்திரி பஸ். மக பகல்ல பழகிட்டா, மூணு வயசு. பஸ்ல பெம்பர்ஸ் போட்டா பழகினது கெட்டுப்போயிருமா?

வார்ட் வாசி
கெடாது. இந்த வயசில சலப்பை எவ்வளவு பிடிக்கும் எண்டதுக்கு ஒரு கணக்கு இருக்கு: வயசோட 2ஐக் கூட்டி 30ஆல பெருக்குங்கோ. மூண்டு வயசுக்கு 150 மில்லிலீற்றர். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், இராத்திரி முழுக்க ஓட்டம், டிரைவர் தனக்குத் தோன்றின இடத்தில நிப்பாட்டுவார். போட்டுவிடுங்கோ. "இது பஸ்ஸுக்கு, வீட்டில ஜங்கி" எண்டு சொன்னா மூண்டு வயசுக்கு விளங்கும். தண்ணி குடுக்காமக் கொண்டுபோறதுதான் பிழை, அது மலத்தையும் இறுக்கும், சலத்தொற்றுக்கும் வழி.

தெஹிவளை டே கெயார் அம்மா
நாங்க பொட்டியையும் ஒரு பாக்கில போட்டுக்கொண்டுதான் போவம். உள்ள ஒரு பொலித்தீன் பையை விரிச்சு, பழைய துணி ஒண்டை அடியில போட்டா, வழியில இருக்கிற டொய்லெட்டுகளுக்குள்ள பிள்ளையைக் கொண்டுபோகத் தேவையில்லை. ரயில் கிடைச்சா ரயில். ஆடினாலும் டொய்லெட் இருக்கு.

மட்டக்குளி அக்கா
நல்லது. இராத்திரிக்கும் எப்ப நிப்பாட்டுறது? பகல் சரியாகியும் விடிய எழும்பறப்போ நல்லா நனைஞ்சுதான் இருக்கு.

வார்ட் வாசி
இரவை நீங்க பழக்க ஏலாது, அது உடம்பு வளர்ந்து தானா வாறது. நித்திரையில சலம் குறைவாச் சுரக்கச் சொல்லுற ஹோர்மோன் ஒண்டு இருக்கு, சில பிள்ளைகளுக்கு அது பிந்தித்தான் சரியா வேலை செய்யும். 5 வயசிலயும் நூறில பதினைஞ்சு பிள்ளை படுக்கையை நனைக்கும். அதுக்கு முதல் நாங்க அதை வருத்தமாக் கணக்கெடுக்கிறதே இல்லை. தாய் தகப்பனுக்குச் சின்னனில இருந்திருந்தாப் பிள்ளைக்கும் வர வாய்ப்புக் கூட. விடிய பெம்பஸ் காய்ஞ்சு இருக்கிற நாட்கள் அடிக்கடி வரத் தொடங்கினா எடுத்துப் பாருங்கோ. நடுச்சாமத்தில நித்திரையில தூக்கிக்கொண்டு போய் இருத்திறது மெத்தையைத்தான் காப்பாத்தும், பிள்ளை அதில ஒண்டும் பழகாது.

பம்பலப்பிட்டி புது அப்பா
இதை எங்க அம்மாக்கு அனுப்புறேன். நான் ஏழு வயசு வரைக்கும் நனைச்சேன்னு கல்யாண வீட்டுல மைக் புடிச்சு சொன்னவங்க.

மட்டக்குளி அக்கா
😂 மெத்தைக்கு என்ன விரிக்கிறீங்க எல்லாரும்? பிளாஸ்டிக் விரிச்சா வேர்க்குது, புள்ள தூங்கமாட்டேங்குது.

தெமட்டகொட உம்மா
ஃபார்மசில ரப்பர் ஷீட் கேளுங்க. முழு மெத்தைக்கும் வேணாம், இடுப்புப் பக்கத்துக்கு ஒரு துண்டு. அதுக்கு மேல பழைய பருத்தி சாரிய நாலா மடிச்சு விரிச்சிட்டு, ரெண்டு பக்கமும் மெத்தைக்கு அடில செருகிடுங்க. வேர்க்காது. நனஞ்சா சாரிய மட்டும் உருவி எடுத்தா சரி. ரெண்டு சாரி மடிச்சு வச்சிக்கிங்க, மழைக்காலம்.